ஓடிப் போய்க் காத்திருக்கச் சொல்லாதீர்கள்

சரக்குக் கப்பல்களை வாடகைக்கு எடுக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவன் எழுதுகிறேன்.

எங்கும் நிற்காமல் விரைந்து போகவேண்டும் என்கிறது உங்கள் ஒப்பந்தம். போகிறோம். சேர்ந்த பிறகு பெர்த் (துறைமுகத்தில் கப்பல் கட்டும் இடம்) காலியில்லை என்று நங்கூரம் போட்டு நாள்கணக்கில் நிற்கிறோம். இடம் கிடைக்காது என்பது பல சமயம் பாதி வழியிலேயே தெரிந்துவிடும். இருந்தாலும் கேப்டன் தானாக வேகத்தைக் குறைக்க முடியாது. முந்திப் போய்த் தகவல் கொடுத்தால்தான் வரிசையில் இடம், அப்புறம்தான் டெமரேஜ், அதாவது தாமதத்துக்கு நீங்கள் தரும் பணத்தின் கணக்கு.

14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வேகத்தை 12 ஆக்கினால் இன்ஜினுக்கு வேண்டிய சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பயணம் நீள்வதைக் கழித்தாலும், அதே தூரத்துக்குக் கால்வாசி எண்ணெய் மிச்சம். ஒரு டன் எண்ணெய் எரிந்தால் 3 டன்னுக்கு மேல் கரியமில வாயு. நிற்கும்போதும் ஜெனரேட்டர் ஓடுகிறது. வெதுவெதுப்பான கடலில் அடிப்பாகத்தில் கொட்டலசு என்ற ஓட்டு உயிரி ஒட்டுகிறது, அடுத்த பயணத்தில் அதையும் இழுத்துக்கொண்டு போகவேண்டும். 2023 முதல் கப்பலுக்கு ஏ முதல் இ வரை கார்பன் தரம் போடுகிறார்கள். எரித்த எண்ணெயை ஓடிய தூரத்தோடு ஒப்பிடும் கணக்கு அது. நின்ற நாளில் தூரம் ஏது? தரம் இறங்கினால் திட்டு மட்டும் எங்களுக்கு.

2007 ஜூனில் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 50க்கும் மேற்பட்ட கப்பல்கள் நிலக்கரிக்காக வெளியே காத்துக் கிடந்தபோது புயல் அடித்து, 'பாஷா பல்கர்' என்ற கப்பல் கரை தட்டியது. பிறகு அந்தத் துறைமுகம், கப்பல் நேரில் வந்து நிற்காமலேயே வரிசையில் இடம் கிடைக்கிற ஏற்பாட்டுக்கு மாறியது. முடியாத காரியம் இல்லை.

கப்பல்களின் கார்பனுக்கு விலை வைக்கும் திட்டத்தை சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிப்போட்டது. அமோனியா, மெத்தனால் போன்ற மாற்று எரிபொருள்கள் எல்லாம் வரட்டும், நல்லதுதான். வேகத்தைக் குறைக்க அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. சரியான நேரத்துக்கு வந்து சேர்வதற்கான மாதிரி வாசகத்தைக் கப்பல் தொழிலின் சர்வதேசச் சங்கமான பிம்கோ எழுதியே வைத்திருக்கிறது. அடுத்த ஒப்பந்தத்தில் அதைச் சேருங்கள். மெதுவாக வந்ததற்காக சரக்குக்காரர் வழக்குப் போடாதபடி சரக்கு ஏற்றியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங்கிலும் சேருங்கள். இது விட்டுப்போனால் எந்தக் கப்பல் உரிமையாளரும் மெதுவாகப் போகத் துணிய மாட்டார். மிச்சமாகும் எண்ணெய்க் காசை இரு தரப்பும் பிரித்துக்கொள்ளலாம். துறைமுகங்களிடம் பெர்த் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குவதும் உங்களால்தான் முடியும். சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்வது நீங்கள், எங்கள் பேச்சு அங்கே எடுபடாது.

இப்படிக்கு,
ஒரு கப்பல் இன்ஜினியர்