மாசி வரைக்கும் கரையைச் செதுக்காமல் விடுங்கள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில், கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, மூணாறு, எல்லாம் வழக்கம்போல. நடுவில் ஒரு பெட்டிச் செய்தி: குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல்தான், மறந்துவிடாதீர்கள் என்று. நானும் 2018-இல் மகன் குடும்பத்தோடு கொடைக்கானல் போனவள்தான். பூவைப் பார்த்த நேரத்தைவிட வண்டி நிறுத்த இடம் தேடிய நேரம் அதிகம். அது கிடக்கட்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பூவுக்குப் பெட்டி கட்டுகிற நீங்கள், வருஷம் தவறாமல் வாசல்வரைக்கும் வருகிற பூவையும் குருவியையும் ஒரு வரிகூட எழுதுவதில்லையே என்கிற ஆதங்கத்தில்தான் இந்தக் கடிதம்.

நான் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுக் கண்மாய்க் கரை வழியாக வீடு திரும்புவேன், மாலையில் அதே வழியாகப் போய்க் கூட்டி வருவேன். ஏழு வருஷமாக இதுதான். ஆரம்பத்தில் எனக்கு எந்தப் பூவும் தெரியாது, தும்பையும் எருக்கும் தவிர. அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் நின்று பார்க்க ஆரம்பித்தேன்.

இப்போது சித்திரை. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வெடித்துக் கிடக்கிறது. பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கரையோரப் புங்க மரங்களுக்கு அடியில் வந்து பாருங்கள், யாரோ பொரியை அள்ளி இறைத்த மாதிரி பூ உதிர்ந்து கிடக்கிறது. மேலே தேனீ இரைகிற இரைச்சலில் மரமே ஓடுகிற மோட்டார் போலக் கேட்கும். கோயில் பக்கம் சரக்கொன்றை தொங்க ஆரம்பித்துவிட்டது. குயில் விடிவதற்கு முன்னாலேயே கூப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறது. கூவுவது கறுப்புச் சேவல் என்பதும், உடம்பெல்லாம் புள்ளி போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் காக்காக் கூட்டை நோட்டம் விடுகிறதே அதுதான் பெட்டை என்பதும் எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதுவரைக்கும் அது வேறு ஏதோ பறவை என்றே நினைத்திருந்தேன்.

ஆனி, ஆடியில் நாவல் பழமும் காற்றும். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, தூசிதான். ஆனால் எருக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்ட மட்டும் நமக்கு அது வேண்டும், மற்ற நாளெல்லாம் அது சனியன் பிடித்த செடி. வெந்தய வரியன் என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி உண்டு, எல்லா ஊரிலும் இருக்கும், நீங்கள் அலுவலகம் போகிற வழியிலேயே பார்த்திருப்பீர்கள். அது எருக்கிலையில் வந்து முட்டையிடுகிறது. புழு அந்த விஷப்பாலோடு சேர்த்து இலையைத் தின்று, விஷத்தை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது, அதனால் பெரும்பாலான பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட அந்தப் புழு ஒன்றைப் பேரன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, தினம் ஓர் எருக்கிலை வைத்து வளர்த்தான். கூட்டுப்புழுவான பின் பத்து நாள் பொறுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்த அன்று அவன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் அப்புறம் எதைப் பார்ப்பது எதை விடுவது என்றே தெரியாது. ஈசல் கிளம்பும். மண்ணுக்குள் கிடந்த வெல்வெட் பூச்சி சில நாள் மட்டும் சிவப்பாக மேலே வந்து திரியும், எட்டுக் கால், பூச்சி என்று நாம் சொன்னாலும் அது சிலந்திக்குத்தான் சொந்தம். தட்டான்கள் கூட்டம் கூட்டமாக வயலுக்கு மேல் சுற்றும், அதில் ஒரு வகை இங்கிருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகிறதாம். நம் ஊர்ப் பிள்ளைகள் வாலில் நூல் கட்டி விளையாடுகிற தட்டான், ஐயா!

அப்புறம் ஆறுமணிக்குருவி. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் எங்கள் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தது. பச்சை முதுகு, சிறகில் நீலம், வாலுக்குக் கீழே சிவப்பு, வால் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இமயமலை அடிவாரத்துப் பக்கமிருந்து இரவிலேயே பறந்து வருகிற பறவை அது, வந்து சேரும்போது களைத்துப்போய் இப்படி வீடுகளுக்குள்ளே விழுந்துவிடுவது உண்டு. பூனைக்குப் பயந்து பக்கத்து வீட்டு அக்கா கூடையைக் கவிழ்த்தார். உள்ளே ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்தோம். இருட்டுகிற நேரம் கூடையைத் தூக்கியதும் கண்மாய்ப் பக்கம் புதருக்குள் போய்விட்டது. அந்த வருஷம் பங்குனி வரைக்கும் விடியலிலும் அந்தி சாயும்போதும் அங்கிருந்து இரண்டு தடவை சீட்டியடிக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அதே குருவிதானா என்று கேட்டால் எனக்கு எப்படித் தெரியும், அதுதான் என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம்.

சரி, இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், அந்தப் புதர் இப்போது இல்லை.

போன கார்த்திகையில் நூறு நாள் வேலைக்காரர்களை விட்டுக் கரை முழுவதையும் செதுக்கிவிட்டார்கள். வேலியில் கண்வலிக்கிழங்குக் கொடி ஏறி, மொட்டெல்லாம் பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாகிக்கொண்டிருந்த வாரம். அதுதான் செங்காந்தள், நம் மாநிலப் பூ! பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது, கரையில் மண்வெட்டியால் வெட்டிப் போட்டிருந்தது. கிழங்கு விஷம் என்பது உண்மைதான், மாடு தின்றால் ஆபத்து, ஆனால் அதே செடியைத்தான் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் மருந்து விதைக்காகப் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். தும்பையும் ஆவாரையும் விதை விழுவதற்கு முன்னாலேயே போய்விட்டன. தை பிறந்தபோது காப்புக் கட்டக் கூரைப்பூ (உங்கள் பக்கம் பூளைப்பூ என்பீர்கள், கண்ணுப்பிள்ளை என்றும் சொல்வார்கள்) கரையில் ஒரு கொத்துகூட இல்லை. சும்மா பிடுங்கி வந்த பூவை மேலூர்ச் சந்தையில் காசு கொடுத்து வாங்கினேன்.

வேலை செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. அதில் பாதிப் பேருக்கு என்னைவிட அதிகம் பச்சிலை தெரியும். "நீங்க சொல்றது சரிதான்க்கா, ஆனா அளந்து காட்டணுமே" என்றாள் ஒருத்தி. இத்தனை மீட்டர் செதுக்கினால்தான் கணக்கு, அவள் என்ன செய்வாள்?

பாம்பு இருக்கும், பிள்ளைகள் நடக்கிற வழி, சுத்தமாக இருக்க வேண்டாமா என்பார்கள். வேண்டும். கண்ணாடி விரியனை அந்தக் கரையில் நானே பார்த்திருக்கிறேன், விளையாட்டாகச் சொல்லவில்லை. மடையைச் சுற்றிலும் சுத்தமாக வைக்கத்தான் வேண்டும். நடக்கிற தடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டடி செதுக்குங்கள், மடைக்குப் பக்கத்தில் செதுக்குங்கள். வெளிச்சரிவை மட்டும் மாசி வரைக்கும் விட்டுவைத்தால் போதும். அதற்குள் விதை விழுந்துவிடும். சீமைக்கருவேலையும் பார்த்தீனியத்தையும் எப்போது வேண்டுமானாலும் பிடுங்குங்கள், கூட மாட நானும் வருகிறேன். களைக்கொல்லி அடிப்பதை மட்டும் தயவுசெய்து யோசிக்காதீர்கள், அந்தப் பேச்சும் அடிபடுகிறது.

மக்கள் மனது வைத்தால் நடக்கும் என்பதற்குத் தூரமாகப் போக வேண்டாம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், கூடு கட்ட வருகிற நாரைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டில் அதுதான் முதல். பிறகு அந்த மலைப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் என்று வந்தபோது இந்த வட்டாரமே ரோட்டில் இறங்கி நின்றதை நீங்களே முதல் பக்கத்தில் போட்டீர்கள். மலைக்காக நின்றவர்கள் கரைக்காகவும் நிற்பார்கள். ஆனால் கரையில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமே.

அதற்குத்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ராசிபலனுக்குத் தினமும் கால் பக்கம் தருகிறீர்கள், என் ராசிக்கு இதுவரை ஒன்றும் பலித்ததில்லை. வாரத்துக்கு ஒரு நாள், உள்ளங்கை அளவு ஒரு பெட்டி, இந்த வாரம் நம் மாவட்டத்தில் என்ன பூத்திருக்கிறது, எந்தப் பறவை வந்திருக்கிறது, எது கிளம்பிவிட்டது என்று. பெயரை ஊர்ப் பேச்சில் போடுங்கள், லத்தீன் வேண்டாம். எழுத ஆளில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக முதல் வாரத்துக்கு நானே எழுதி அனுப்புகிறேன்:

புங்கம்பூ உதிர்கிறது, காலை ஏழு மணிக்குள் போனால் மிதிபடாமல் பார்க்கலாம். வேப்பம்பூ முடியப்போகிறது, ரசத்துக்கு வேண்டுமானால் இந்த வாரமே பொறுக்கிக் காயவைக்கவும். ஆறுமணிக்குருவி வடக்கே கிளம்பிவிட்டது. காக்காக் கூடு இருக்கிற மரத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டாம், கொத்தும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்