கோப்பில் ஒரு வரி

ஆசிரியருக்கு,

உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. நடைமுறை வேறு. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்ற ஒருவரின் கோப்பில் 'கல்லூரி நாள்களிலிருந்தே தூக்கம் குறைவு' என்று அவருடைய மனநல ஆலோசகரான நான் எழுதியிருந்தேன். பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று சொல்லி, சிகிச்சைப் பணம் தராமல் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது. பரீட்சை நேரத்தில் தூக்கம் கெடாதவர் உண்டா?

இப்போது ஆலோசனைக் குறிப்புகள் முழுவதையும் கேட்கிறார்கள். நோயின் பெயர், சிகிச்சை, தேதிகள், கட்டணம் இவை போதும். மாமியார் சண்டையெல்லாம் கிளெய்ம் பிரிவுக்கு எதற்கு? அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. எவற்றைக் கேட்கலாம் என்பதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரே படிவமாக வரையறுக்க வேண்டும்.

மனநல ஆலோசகர் ஒருவர்,
மதுரை.