வாழைக்கு ஒரு நியாயம், அவகாடோவுக்கு ஒரு நியாயமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழ விலையைப் பற்றி உங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை, வாழை ஏராளமாக விளைவதால் மலிவு என்றும், அவகாடோ சில இடங்களில் மட்டும் விளைவதால் விலை கூடுதல் என்றும் இரண்டு வரியில் கணக்கை முடித்துவிட்டது. பழத்தில் ருசி இல்லாமல் போவதற்கு வியாபாரிகளின் பேராசை காரணம் என்று மூன்றாவதாக ஒரு வரி. இறக்குமதிப் பழங்களின் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற எனக்கு இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. பேராசை எந்த வியாபாரத்தில்தான் இல்லை? அதை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தால், பழம் எந்த இடத்தில், யார் கையில், எதனால் கெடுகிறது என்பது தெரியாமலே போய்விடும்.

பெரிய அங்காடிகளில் வாழைப்பழத்தின் விலையை விளைச்சல் தீர்மானிப்பதில்லை. வாங்குபவர்கள் விலையை மனப்பாடமாக வைத்திருக்கும் பொருள்கள் மிகச் சில. பால், முட்டை, ரொட்டி வரிசையில் வாழைப்பழமும் ஒன்று. மற்ற நூறு பொருள்களின் விலை மறந்துபோகும். வாழைப்பழம் கூடியிருந்தால் மட்டும் கடையே கொள்ளையடிக்கிறது என்று முடிவு கட்டிவிடுவோம். இது கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். எனவே வாழைப்பழத்தைத் தூண்டில் புழுவாக வைத்து, லாபத்தை வேறு அலமாரிகளில் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்துக் கடை விலையை இறக்கினால் இவர்களும் இறக்குகிறார்கள். தோட்டத்தில் புயல் அடித்தாலும், உரம் விலை ஏறினாலும், கப்பல் கட்டணம் கூடினாலும் அந்த விலைச்சீட்டு அசைவதில்லை. அந்தச் சுமையை யாராவது ஒருவர் சுமந்தாக வேண்டும் அல்லவா?

யார் சுமக்கிறார் என்பதற்கு ஒரு சான்று போதும். உலகிலேயே அதிகமாக வாழை ஏற்றுமதி செய்யும் நாடு ஈக்வடார். ஏற்றுமதிப் பெட்டி ஒன்றுக்கு விவசாயிக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச விலையை அங்கே அரசாங்கமே நிர்ணயிக்கிறது. பேரத்தை அதன் போக்கில் விட்டால் விலை எங்கே போய் நிற்கும் என்ற அச்சம் இல்லாமல் அப்படி ஓர் ஏற்பாடு வந்திருக்காது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: அழுகும் பொருள்களுக்கு 30 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும், கடைசி நேரத்தில் கொள்முதலை ரத்து செய்யக் கூடாது. பழம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், அதற்கான பணம் மட்டும் மாதக்கணக்கில் வராது என்ற நிலை இருந்ததால்தான் இதற்கும் சட்டம் தேவைப்பட்டது.

தோட்டத்தின் செலவோ ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. சர்வதேசச் சந்தையில் விற்கும் வாழை ஏறக்குறைய முழுவதும் கேவண்டிஷ் என்ற ஒரே இரகம். இதற்கு முன் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் இரகத்தைப் பனாமா வாடல் நோய் 1950களில் வீழ்த்தியது. அந்த நோய்க்குத் தாக்குப்பிடித்ததால்தான் கேவண்டிஷ் அதன் இடத்துக்கு வந்தது. இப்போது அதே நோயின் டி.ஆர்.4 என்ற புதிய வகை கேவண்டிஷையும் தாக்குகிறது. 2019இல் கொலம்பியாவிலும் 2021இல் பெருவிலும் அது உறுதிசெய்யப்பட்டது. மண்ணில் ஒருமுறை நுழைந்தால் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும், மருந்து கிடையாது. தோட்டத்துக்குள் வருபவரின் காலணியைக் கழுவுவதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் செலவுதான். கறுப்பு இலைப்புள்ளி நோய்க்கு மருந்து தெளிக்கும் செலவு தனி. சில ஏற்றுமதித் தோட்டங்களில் ஆண்டுக்கு 40 தடவைக்கு மேல் தெளிக்கிறார்கள். விலைச்சீட்டில் இதில் எதுவும் தெரியாது.

இனித் தரம். பூ தள்ளிய வாழைத்தாருக்கு உறை மாட்டும்போது அந்த வாரத்துக்கென்று ஒரு நிறத்தில் நாடா கட்டுவார்கள். நாடாவைப் பார்த்துத் தாரின் வயதைக் கணக்கிட்டு, முக்கால் பருவம் முற்றியதும் பச்சையாகவே வெட்டுவார்கள். சீப்புகளைப் பிரித்து, பால் வடியத் தொட்டி நீரில் போட்டு, 18 கிலோ சொச்சம் கொள்ளும் பெட்டிகளில் அடுக்கி, 13 அல்லது 14 டிகிரி செல்சியஸ் குளிரில் கப்பல் ஏற்றுவார்கள். இதுவரை பெரும்பாலும் ஒழுங்காகத்தான் நடக்கிறது. நான் பார்த்தவரை, பழம் கெடுவது இதற்குப் பிந்திய ஒரு வாரத்தில்தான்.

இறங்கிய காயைப் பழுக்கவைக்கும் அறையில் அடுக்கி, ஓரிரு நாள் எத்திலீன் வாயு விடுகிறோம். (எத்திலீன் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பழம் பழுக்கும்போது தானாகவே வெளியிடும் வாயு அதுதான். கார்பைடு கல்லோடு அதைச் சேர்த்துக் குழப்பிய உங்கள் கட்டுரையாளர் இதைக் கவனிக்க வேண்டும்.) பழுக்கத் தொடங்கிய வாழை தன் உடலிலிருந்து வெப்பத்தை விடும். அறையின் சுவரில் தொங்கும் வெப்பமானி என்ன சொல்கிறது என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அடுக்கின் நடுவே இருக்கும் பெட்டியைத் திறந்து காயின் சதைக்குள் ஊசி இறக்கிப் பார்க்க வேண்டும். வெளியே 16 டிகிரியாகவும் உள்ளே 20 டிகிரியாகவும் இருந்தால், வெளிவரிசை ஒரு நிறமாகவும் நடுவரிசை வேறு நிறமாகவும் வெளியே வரும். வெப்பம் 24 டிகிரிக்கு மேல் போனால் கேவண்டிஷ் மஞ்சளாகவே மாறாது. தோல் பச்சையாக இருக்க, சதை மட்டும் குழைந்துவிடும். 13 டிகிரிக்குக் கீழே போனாலோ தோலுக்கடியில் பழுப்புக் கோடு விழுந்து, மஞ்சள் சாம்பல் பூத்துப்போகும். கடைக்குப் போன பின் இரவில் பால் வைக்கும் குளிர் அறையில் பழத்தைத் தள்ளிவிட்டு, மறுநாள் “இறக்குமதிக்காரர் மோசமான சரக்கு அனுப்பிவிட்டார்” என்று புகார் எழுதும் மேலாளர்களுக்கு நான் பதில் எழுதியிருக்கிறேன். தோலைச் சீவிக் கோட்டைக் காட்டிப் படமும் இணைத்திருக்கிறேன். ஒருவரும் திரும்பி எழுதியதில்லை.

ஆறு நாள் பொறுமையாகப் பழுக்கவைத்தால் சதையும் தோலும் ஒன்றாகப் பழுக்கும். வீட்டில் மூன்று நான்கு நாள் நிற்கும். வெப்பத்தைக் கூட்டி நான்கே நாளில் மஞ்சளாக்கலாம். கண்ணுக்கு அழகாக இருக்கும், நாவுக்கு மாவாக இருக்கும், இரண்டாம் நாள் காம்பு கழன்று விழும். இரண்டும் அலமாரியில் ஒரே நிறம், ஒரே விலை. அறையை இரண்டு நாள் கூடுதலாகப் பிடித்து வைத்திருப்பதற்கு மின்சாரமும் இடமும் செலவு. விலை அசையக் கூடாது என்று கட்டளை வந்தால் முதலில் பறிபோவது அந்த இரண்டு நாள்தான். வாழைப்பழத்தில் மணம் போய்விட்டது என்று பலர் சொல்வதைக் கேட்கிறேன். அதில் இரகத்தின் குற்றத்தைவிட அவசரத்தின் குற்றமே அதிகம்.

அவகாடோவில் ஏமாற்றம் வேறு வகை. அது மரத்தில் பழுக்காத காய். முற்றிய பிறகும் மாதக்கணக்கில் கிளையிலேயே தொங்கும். பறித்தால்தான் பழுக்கத் தொடங்கும். விலை வரும்வரை மரத்திலேயே வைத்திருக்கலாம் என்பது விவசாயிக்கு வசதி. ஆனால் முற்றியதா இளசா என்பதைத் தோலைப் பார்த்தோ அமுக்கிப் பார்த்தோ சொல்ல முடியாது. சதையை அரிந்து எடைபோட்டு, ஈரம் போக உலர்த்தி, மறுபடி எடைபோட வேண்டும். மிஞ்சும் உலர்பொருள் கலிஃபோர்னியாவின் விதிப்படி ஹாஸ் இரகத்துக்கு 20.8 விழுக்காடாவது இருக்க வேண்டும். சர்வதேசத் தர விதி 21 என்கிறது. அதற்குக் கீழே பறித்த காய் வெம்பிப்போகும். எத்தனை நாள் வைத்திருந்தாலும் தோல் சுருங்குமே தவிர, உள்ளே வெண்ணெய் இருக்காது, ரப்பரும் தண்ணீரும்தான்.

போன வாரம் வாங்கிய அவகாடோ அருமையாக இருந்தது, இந்த வாரம் அதே கடையில் அதே விலைக்கு வாங்கியது குப்பை என்று வாசகர்கள் சொல்வதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. கடை ஒன்றுதான், பழம் வந்த நாடு மாறியிருக்கும். எந்த ஒரு நாட்டின் அறுவடையும் எல்லா இடத்துக்கும் ஆண்டு முழுக்கப் போதாது. மெக்சிகோ, பெரு, கென்யா, சிலி, தென்னாப்பிரிக்கா என்று மாறி மாறி வரும். ஒரு நாட்டின் பருவம் முடிகிற வாரத்தில் எண்ணெய் மிகுந்த, ஆனால் சீக்கிரம் அழுகும் கடைசிக் காய் வருகிறது. அடுத்த நாட்டின் பருவம் தொடங்குகிற வாரத்தில், வரத்து குறைந்து விலை உச்சத்தில் இருக்கும்போதே விற்றுவிடும் ஆசையில், முற்றாத முதல் காயைப் பறித்துவிடுகிறார்கள். கென்ய அரசு ஆண்டின் கடைசி மாதங்களில் கடல்வழி ஏற்றுமதிக்கே தடை போடுவது இந்த இளங்காய்ப் பறிப்பைத் தடுக்கத்தான். அங்கே அரசாங்கம் வெளிப்படையாகச் சொல்கிற விஷயத்தை நம் கடையின் விலைச்சீட்டு ஏன் மறைக்க வேண்டும்?

கப்பல் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவகாடோவை 5, 6 டிகிரியில் ஏறத்தாழ நான்கு வாரம் தூங்கவைக்கலாம். அதற்கு மேல் போனால் சதைக்குள் சாம்பல் நிறமும் கறுப்பு நரம்புகளும் ஓடும். வெளியே ஒன்றும் தெரியாது. 2023 இறுதியில் செங்கடல் பாதை ஆபத்தாகி, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் காய்க்கு இரண்டு வாரம் அளவுக்குப் பயணம் நீண்டது. அந்தச் சரக்கை அறுத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அடுத்தது எண்ணிக்கைக் கணக்கு. அவகாடோவை நான்கு கிலோ பெட்டியில் எத்தனை காய் அடங்குகிறது என்பதை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். 18ஆம் எண் என்றால் ஒரு காய் சுமார் 222 கிராம். 24ஆம் எண் என்றால் சுமார் 167 கிராம். மொத்தக் கொள்முதலில் இவற்றுக்குத் தனித்தனி விலை. ஆனால் கடையில் “ஒன்று இவ்வளவு” என்று எழுதி வைத்துவிட்டு, ஒரு மாதம் 18, மறு மாதம் 24 என்று நிரப்பினால் யார் கேட்பது? விலை ஏறாமலே காயில் கால் பங்கு காணாமல் போய்விடுகிறது. தோலும் கொட்டையும் கழித்தால் இழப்பு இன்னும் உறுத்தும். வாழைப்பழத்தைத் தராசில் வைத்து விற்கும் கடைக்கு, இரண்டடி தள்ளியிருக்கும் அவகாடோவைத் தராசில் வைக்க என்ன தடை?

விலை ஏறுவதிலும் இரண்டு நியாயம். 2022 பிப்ரவரியில் மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலத்தில் அமெரிக்கப் பரிசோதகர் ஒருவருக்கு மிரட்டல் வந்ததால் அமெரிக்கா சுமார் ஒரு வாரம் அவகாடோ பரிசோதனையை நிறுத்தியது. செய்தி வந்த உடனே மொத்தச் சந்தையில் விலை துள்ளியது. அவகாடோவில் மேலே போகும் விலைக்கு இறக்கை உண்டு. வரத்து பெருகிக் கிடங்கில் காய் தேங்கும் மாதங்களில் மட்டும் கீழே இறங்க வழி தெரியாது. வாழையில் நேர்மாறு: ஏற வேண்டிய நேரத்திலும் ஏறாது. முன்னதில் வாங்குபவரும் பின்னதில் விளைவிப்பவரும் இழக்கிறார்கள்.

“இன்றே சாப்பிடலாம்” என்று ஒட்டுப் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்கும் அவகாடோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முறையாகப் பழுக்கவைத்திருந்தால் அந்தக் கூடுதல் விலை நியாயமானதுதான். ஆனால் மெத்தென்று ஆன பழத்தைத் திறந்த குவியலில் கொட்டினால், வருகிறவர் போகிறவர் எல்லாரும் கட்டைவிரலால் அமுக்குவார்கள். அந்தக் காயம் உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்து, வாங்கியவர் வீட்டில் அறுக்கும்போது கறுப்பாகத் தெரியும். அமுக்குகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று எதுவும் எழுதி வைக்காதபோது அவர்கள் வேறு எப்படித்தான் தெரிந்துகொள்வார்கள்?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. அவகாடோவுக்குக் கிலோ விலையைக் கட்டாயம் எழுத வேண்டும். காய்க்கு இவ்வளவு என்பதைப் பக்கத்தில் வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும். விளைந்த நாட்டோடு பறித்த வாரத்தையும் குறிக்க வேண்டும். பெட்டியின் மேல் இருக்கும் அடையாள எண்ணிலிருந்து கடைக்காரர் இதை எளிதாகக் கேட்டுப் பெறலாம். வாழைப்பழத்தை இன்று உண்பதற்கு ஒரு குவியல், மூன்று நாள் கழித்து உண்பதற்குப் பச்சைக் காம்போடு ஒரு குவியல் என்று பிரித்து வைத்தால், சீப்பிலிருந்து பிய்த்துப் போட்ட ஒற்றைப் பழங்கள் இவ்வளவு குப்பைக்குப் போகாது. விலைச்சீட்டில் இதற்கெல்லாம் இடமில்லை என்று சொல்வார்கள். “ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்” என்பதை மூன்று நிறத்தில் அச்சிட மட்டும் இடம் இருக்கிறது.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. உங்கள் சந்தை நிலவரப் பகுதியில் வாழைக்குக் கிலோ விலையும் அவகாடோவுக்கு ஒரு காயின் விலையும் போடுகிறீர்கள். அடுத்த வாரம் முதல் இரண்டையும் கிலோவுக்கே போடுங்கள். முடிந்தால் அவகாடோ எந்த நாட்டுக் காய் என்பதையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழத் தர ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற உங்கள் வாசகர்