ஜியா கோகால்ப் சொன்னது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

துருக்கி மொழிச் சீர்திருத்தம் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அரபு, பாரசீகச் சொற்களை அடியோடு களைந்ததற்கு துருக்கிய தேசியச் சிந்தனையாளரும் கவிஞருமான ஜியா கோகால்ப்பே வழிகாட்டி என்கிறது. அவர் எதிர்த்த கொள்கையையே அவர் தலையில் கட்டுவது சரியல்ல.

1911-இல் அன்றைய ஒட்டோமன் நகரான சலோனிகாவின் ‘கென்ச் கலெம்லெர்’ (இளம் பேனாக்கள்) இதழில் எழுத்தாளர் ஓமெர் செய்ஃபெத்தின் போன்றோருடன் சேர்ந்து அவர் வேண்டியது எளிய எழுத்து நடை. அதன் விதிகளை 1923-இல் ‘துருக்கியவாதத்தின் அடிப்படைகள்’ நூலில் விரிவாக வகுத்தார். பேச்சில் துருக்கிச் சொல் இருக்கும்போது, அதே பொருளில் ஏட்டில் மட்டும் வாழும் அயற்சொல் வேண்டாம். சூரியனுக்குத் துருக்கியின் ‘கூனெஷ்’ இருக்க அரபியின் ‘ஷெம்ஸ்’ எதற்கு? ‘தெவ்லெத்-இ அலிய்யே’ (மேன்மைமிகு அரசு) போன்ற பாரசீகப் பாணித் தொடர்களும் அரபுப் பன்மை வடிவங்களும் போகவேண்டும். ஆனால் மக்கள் புழங்கும் ‘கிதாப்’ (புத்தகம்), ‘மெக்தெப்’ (பள்ளி) முதலிய அரபுச் சொற்கள், வேர் எதுவானாலும், துருக்கிச் சொற்களே.

புதிய சொல் தேவைப்பட்டால் முதலில் மக்கள் பேச்சில் தேட வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் வழக்கிலுள்ள துருக்கி விகுதிகளைக் கொண்டு ஆக்கலாம். அதுவும் முடியாதபோது அரபியிலிருந்தோ பாரசீகத்திலிருந்தோ எடுக்கலாம், தொடராக அல்ல, தனிச்சொல்லாக மட்டும். வழக்கொழிந்த பழஞ்சொற்களைத் தோண்டியெடுப்பதை அவர் ஏற்கவில்லை. அவருடைய அளவுகோல் இஸ்தான்புல் பேச்சு, அதிலும் அந்நகரப் பெண்களின் பேச்சு. துருக்கி மொழியாகிவிட்ட சொல் துருக்கிச் சொல்லே, பழைய வேரை வணங்கமாட்டோம் என்று கவிதையிலும் எழுதினார்.

அவர் இறந்தது 1924 அக்டோபரில். லத்தீன் எழுத்து வந்தது 1928-இல், சீர்திருத்தத்தை நடத்திய துருக்கி மொழிச் சங்கம் தோன்றியது 1932-இல். பழைய நூல்களிலிருந்தும் பிற துருக்கிய மொழிகளிலிருந்தும் சொற்களைத் திரட்டியதும், ‘மெக்தெப்’ போய் ‘ஒகுல்’ வந்ததும் அதன் பின்னரே. ஏட்டுக்கும் பேச்சுக்கும் இடையிலான பள்ளத்தைத் தூர்க்க அவர் முயன்றார். பின்வந்தோர் தாத்தாவின் எழுத்துக்கும் பேரனின் வாசிப்புக்கும் நடுவே புதுப் பள்ளம் வெட்டினர். குடியரசை நிறுவிய அதாதுர்க்கின் 1927-ஆம் ஆண்டு நெடும் உரையைக்கூட இன்றைய துருக்கியில் மாற்றி எழுதித்தான் இளைஞர்களுக்குத் தரவேண்டியிருக்கிறது.

ஆனால் அரபியில் அல்லாமல் துருக்கி மொழியில் தொழுகை அழைப்பு என்பதில் அவருக்குப் பங்குண்டு. ‘வதன்’ (தாயகம்) கவிதையில் அவர் கண்ட அந்தக் கனவை அரசு 1932 முதல் 1950 வரை நடைமுறைப்படுத்தியது.

இன்னொன்றையும் கட்டுரை விட்டுவிட்டது. தேசம் என்பது இரத்தத்தால் அல்ல, வளர்ப்பாலும் பண்பாட்டாலும் அமைவது என்று தென்கிழக்குத் துருக்கியின் தியார்பக்கிரில் பிறந்த இவர் எழுதினார். இதே மனிதர்தான் ஆர்மீனியர்கள் அழிக்கப்பட்ட 1915-இல் ஒட்டோமன் ஆளுங்கட்சியான ஐக்கிய முன்னேற்றக் கட்சியின் மத்தியக் குழுவில் இருந்தார். 1919-இல் இராணுவ நீதிமன்றத்தில் அந்தப் படுகொலையை மறுத்தார். பின் பிரிட்டிஷாரால் மால்டாவில் 1921 வரை சிறைவைக்கப்பட்டார். சொற்களைக் களைந்தது பற்றிய செய்தியைத் திருத்தும்போது இதையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று வாசகர்கள் சிலர், திருச்சி