அண்ணனுக்கு, கடன் முடிந்த வாரத்தில்

அண்ணா,

என் கல்விக்கடன் முடிந்துவிட்டது. நிலுவை எதுவும் இல்லை என்று வங்கியில் நாலு வரியில் ஒரு தாள் தந்தார்கள். அதைப் படமெடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாப்பாவின் காலேஜ் சீட் விஷயத்தில் நான் முடியாது என்று சொன்னதிலிருந்து நீங்கள் போனையும் எடுப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணி படிப்பார். பெரியப்பா வீட்டிலும் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். ஆகவே வளையல் விஷயத்துக்குள் போகவில்லை. அது நம் மூன்று பேரோடு இருக்கட்டும்.

கணக்கைச் சொல்கிறேன். என் இன்ஜினியரிங் படிப்புக்கு வருடம் ஒரு லட்சமாக வாங்கியது நாலு லட்சம், வட்டி பன்னிரண்டரை சதவீதம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். வட்டியும் ஓடாது என்று நாமாகவே நினைத்துக்கொண்டோம். 2017 ஆகஸ்டில் முதல் தவணை கட்டும்போது கடன் ஐந்தே முக்கால் லட்சமாகியிருந்தது. மாதம் 10,305 ரூபாய், ஏழு வருடம். 2020இல் கொரோனாவுக்காக ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். அதற்கும் வட்டி ஏறி, இன்னும் சில மாதம் இழுத்தது. ஆக மொத்தம் கட்டியது ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

'மூணேகால் லட்சம் பேக்கேஜ்' என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். கைக்கு வந்தது மாதம் 22,400. தவணை போனால் பன்னிரண்டாயிரம் மிஞ்சும். அதில் ஹாஸ்டலுக்கு 6,500. கல்விக்கடன் வட்டிக்கு 80இ பிரிவில் வரிச்சலுகை உண்டு என்று ஆபீஸில் ஒருவர் அக்கறையாகச் சொன்னார். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இருந்தால்தானே! அந்தத் தீபாவளிக்கு, "சம்பளம் வாங்கறா, ஒரு ரூபாய் அனுப்பினாளா?" என்று நீங்கள் அம்மாவிடம் கேட்டபோது நான் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

இதெல்லாம் ரசீது உள்ள கணக்கு. சீட்டுக்காக நீங்கள் கொடுத்த, ரசீது இல்லாத ஒன்றரை லட்சம்தான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அந்த அறை ஞாபகம் இருக்கிறதா? காலேஜ் ஆபீஸுக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாதது. மேஜைமேல் பணம் எண்ணும் மெஷின். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் முந்நூறைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தீர்கள். மெஷின் ஏழு தாளை வெளியே தள்ளியது. திரும்ப வைத்தபோதும் தள்ளியது. அந்த ஆள் ஒரு தாளை மூக்கருகே கொண்டுபோய், "என்னங்க இது, ஆயிலா?" என்றார். நீங்கள் அந்த ஏழையும் வாங்கிச் சட்டையில் துடைத்தீர்கள், ஒவ்வொன்றாக. கட்டைவிரல் நகத்துக்கடியில் கறுப்பு. அப்புறம் எதிரே இருந்த பெட்ரோல் பங்கில் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று போனீர்கள். இருபது நிமிடம். "அவர் யாரும்மா?" என்று அந்த ஆள் கேட்டார். சுவரில் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று ஒரு போஸ்டர். நான் அதைப் படிக்கிற மாதிரி நின்றேன். காது கேட்காத மாதிரி.

பதிமூன்று வருடமாக இதை உங்களிடம் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள். எனக்குப் பதினேழு வயது, பயந்துபோயிருந்தேன் என்று சொல்லலாம். பயமில்லை அண்ணா, வெட்கம்.

அது கோவை கணபதியில் நீங்கள் பேசி வைத்திருந்த ஆறடி லேத் மெஷினுக்கான பணம். இன்றைக்கும் அடுத்தவர் பட்டறையில்தான் டர்னராக நிற்கிறீர்கள். என் படிப்புக்கு என்ன செலவாச்சு என்று யாராவது கேட்டால் ஒன்பது லட்சம் என்கிறேன். அந்த லேத் ஓடியிருந்தால் இத்தனை வருடத்தில் என்ன சம்பாதித்திருக்கும் என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

ஆனால் ஒன்று, நான் கேட்கவில்லை. கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜில் பி.எஸ்சி. கணக்குச் சேர்கிறேன் என்றுதான் சொன்னேன். "டீச்சராகி என்ன கிழிக்கப்போறே" என்றது நீங்கள். கவுன்சலிங் வரைக்கும் பொறுத்திருந்தால் முதல் பட்டதாரிச் சலுகையாவது கிடைத்திருக்கும். சீட் போய்விடும் என்று அவசரப்பட்டதும் நீங்கள்தான். அதற்கப்புறம் ஒரு காதுகுத்து, ஒரு சீர் விடாமல், "என் லேத்தை வித்துப் படிக்கவெச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். வாங்காத லேத்தை எப்படி விற்பீர்கள்?

சரி, விடுங்கள். இப்போது எழுபதாயிரம் வாங்குகிறேன், அந்தப் படிப்பு இல்லாமல் இந்த வேலை இல்லை. அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் அறுபது பேர். அந்தப் படிப்பு கேட்கிற வேலையில் இருப்பவர்கள் என்று நான் விரல்விட்டு எண்ணியதில் பதினொரு பேர்தான் தேறினார்கள். பெரிய ஐடி கம்பெனிகளில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இன்றைக்கும் வருடம் மூன்று, மூன்றரை லட்சம்தான், என் காலத்தில் இருந்த அதே தொகை. ஃபீஸும் ஹாஸ்டல் வாடகையும் மட்டும் அப்படி நிற்கவில்லை.

அதனால்தான் பாப்பாவுக்கு மேனேஜ்மென்ட் சீட் என்றதும் முடியாது என்றேன். அந்த இரண்டரை சென்ட் நிலத்தை அடமானம் வைக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன். கேட்ட மூன்று லட்சத்தையும் அந்த மாதிரி ஒரு அறைக்குள் கொண்டுபோய்க் கொடுக்கத் தரமாட்டேன். கட் ஆஃப் 158 ஒன்றும் மோசமில்லை. கவுன்சலிங்கில் வரட்டும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அப்பா, அம்மா, தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்களைத்தான் பார்ப்பார்கள். அத்தை படித்தது குறுக்கே வராது. வருடம் 25,000 குறையும். மீதி ஃபீஸ் நான் கட்டுகிறேன், நாலு வருடமும், ரசீதோடு. அவள் பி.காம். என்றாலும் கட்டுகிறேன். அவளிடம் கேட்டீர்களா?

எனக்குப் பிள்ளை இருந்தால் தெரியும் என்று சொன்னீர்கள். அதற்கு இங்கே பதில் எழுதவில்லை.

கவுன்சலிங்குக்கு ஆன்லைனில் காலேஜ் விருப்பப் பட்டியல் போடும்போது பாப்பாவை எனக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அந்த புரோக்கருக்கு முக்கியமாக. சனிக்கிழமை காலை கோவை எக்ஸ்பிரஸில் கிளம்பி வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஆட்டோ பிடித்துக்கொள்வேன். வந்தாலும் சரி.