கயிறு யார் கையில்?

வேதாளை,
ஆடி 12

அன்புள்ள செய்யதுவுக்கு,

நீ அனுப்பிய ஆறு அத்தியாயமும் கைக்கு வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குக் காரணம் என் கால். எழுதுவது கையால்தானே என்று கேட்பாய். கணுக்கால் வீங்கி, வலியில் எதிலும் மனம் ஒட்டவில்லை. அது எப்படி வீங்கியது என்பது உன் நாவலுக்கும் வேண்டிய சங்கதி, பின்னால் சொல்கிறேன்.

இங்கே கச்சான் காற்று பேயாட்டம் ஆடுகிறது. சோற்றில் மணல். தென்கடலில் மீன்பிடி வத்தை எதுவும் இறங்காமல் நாலு நாளாகிறது. பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு நீ இந்தப் பக்கம் வரவே இல்லை. கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே லிப்ட் மாதிரி மேலே போகிறது. பார்க்கத்தான் வேண்டும்.

சரி, நாவல். ஓட்டம் நன்றாக இருக்கிறது, உன் இன்ஸ்பெக்டரும் பிடித்திருக்கிறார். ஆனால் கொலை ஒட்டவில்லை. வி.ஆர். கண்ணாடியை, அதுதான் கண்ணை மறைத்து வேறொரு உலகத்தைக் காட்டுமே, அதை மாட்டிக்கொண்டவன் விளையாட்டில் செத்ததும் அவன் மூளைக்கு மின்சாரம் பாய்கிறது என்கிறாய். முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தியவனிடமா இதைச் சொல்வது? அதற்குள் இருப்பது செல்போனில் இருக்கிற மாதிரி லித்தியம் பேட்டரி. சூடாகும், உப்பும், கெட்ட நேரமாக இருந்தால் தீப்பிடிக்கும். மண்டையோட்டைத் தாண்டி மூளையைப் பொசுக்க அதனால் ஆகாது. ஆக்குலஸ் என்கிற வி.ஆர். கண்ணாடியை உருவாக்கிய பால்மர் லக்கி, விளையாட்டில் தோற்றவனை நிஜமாகவே கொல்லும் கண்ணாடி ஒன்றைச் செய்துவிட்டதாக 2022 நவம்பரில் எழுதினார். அவரே மின்சாரத்தை நம்பவில்லை. நெற்றிக்கு மேலே மூன்று வெடி. திரை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிவப்பாக மின்னினால் வெடிக்கும். இப்போதைக்கு இது ஆபீசில் வைக்கிற கலைப்பொருள்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். வெடி வைத்துக் கொல்வதற்கு வி.ஆர். எதற்கப்பா? நம் கடலில் திருட்டுத்தனமாக வெடி போட்டு மீன் பிடித்தவர்களுக்கே அது தெரியும்.

உன் கரு ரொம்பப் பழையது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் 1965லேயே எழுதினார்: கணினி ஆளும் அறை ஒன்று வரும், அதில் காட்டப்படும் நாற்காலியில் உட்காரலாம், கைவிலங்கு நிஜமாகவே கையைக் கட்டும், துப்பாக்கிக் குண்டு உயிரை எடுக்கும் என்று. மூன்று வருஷம் கழித்து அவர் செய்துகாட்டிய தலைக்கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது, அவ்வளவு கனம்.

நிஜத்தில் நடந்த சாவு ஒன்றைச் சொல்கிறேன். 2017 டிசம்பரில் மாஸ்கோவில் 44 வயது மனிதர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்திருக்கிறார். தடுக்கி, கண்ணாடி மேஜைமேல் விழுந்து, ரத்தம் போயே இறந்தார் என்று ரஷ்யாவின் டாஸ் செய்தி நிறுவனம் செய்தி போட்டது. சொந்த வீட்டில் தினமும் பார்த்த மேஜை.

இப்போது என் காலுக்கு வருகிறேன். மருமகன் துபாயிலிருந்து அந்தக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். பேரன் பதினோரு வயது, அவன்தான் வாத்தியார். முதலில் கையில் பிடித்த கருவியால் தரையில் கோடு வரைய வேண்டும். அந்தக் கோட்டை நெருங்கினால் கண்முன் கம்பிவலை மாதிரி ஒரு சுவர் எழும், 'இதற்கு மேல் போகாதே' என்று. பயல் தாழ்வாரப் படியையும் தாண்டி, முற்றத்து மணல்வரை கோட்டை இழுத்து வைத்துவிட்டான். சும்மா விளையாட்டுக்காம். எனக்குத் தெரியாது. மாட்டினேன். கடலுக்கு அடியில் இருந்தேன் செய்யது. அண்ணாந்தால் மேலே ஒரு படகின் அடிப்பாகம், அதைச் சுற்றி வெயில் உடைந்து உடைந்து இறங்குகிறது. பக்கத்தில் திமிங்கிலம், அதன் கண் என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. காதில் குமிழி ஓசை. முற்றத்தில் என் வீட்டுக்காரி நெத்திலி காயப்போட்டிருந்தாள், அந்தக் கருவாட்டு வாசனை மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. மூக்கு ஒன்றுதான் வேதாளையில் இருந்தது, மற்றதெல்லாம் போய்விட்டது. திமிங்கிலத்தைத் தொடலாமென்று நாலடி வைத்தேன். நாலாவது அடிக்குத் தரை இல்லை.

மணலில் விழுந்ததால் சுளுக்கோடு போயிற்று. சிமெண்டுத் தரையாக இருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். பேரன் அழுதேவிட்டான், அதனால் திட்டவில்லை.

படுத்துக்கிடந்த நாட்களில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் நியூ ஹேவன் பல்கலைக்கழகத்து ஆட்கள் என் பேரன் செய்ததையே இணையம் வழியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். எல்லைக்கோட்டை அழிக்கலாம், இடம் மாற்றலாம், காட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஆளையே வேண்டிய இடத்துக்கு நடத்திக்கொண்டு போகலாம். மாட்டியிருப்பவனுக்குத் தெரியாது. அப்புறம் இன்னொன்று. கண்ணுக்கு நேர்ப் பாதையைக் காட்டியபடியே ஆளை வளைவில் நடத்தலாம். அந்த வட்டத்துக்கு ஆரம் 22 மீட்டர் இருந்தால் அவன் நேராகப் போவதாகவே நினைப்பான். கட்டுமரத்தை நீரோட்டம் இழுப்பது போலத்தான். கரை கண்ணில் தெரியாவிட்டால் இழுபடுவது தெரியவே தெரியாது.

இதில் கொலை இருக்கிறதா இல்லையா, நீயே சொல். மண்டபத்துப் பக்கம் மூடிக்கிடக்கிற ஒரு ஐஸ் கம்பெனி. கடலைப் பார்த்து ஒரு பக்கம் திறந்த கொட்டகை, அப்புறம் படகுத்துறை, அப்புறம் தண்ணீர். உன் ஆள் உள்ளே நேராக நடக்கிறான். இடம் அவ்வளவு பெரிதாக இருக்காது, ஆனால் முழு வட்டம் எதற்கு? பத்தடி விலகினால் போதும். வெளிச்சம் மட்டும் பார்த்து எழுது. கும்மிருட்டில் கண்ணாடியில் இருக்கிற கேமராக்களுக்குக் கண் தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இது. உன் வில்லன் சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டர் மேதை. எதற்கு அவ்வளவு தூரம்? உன் வாப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்வாரே, முத்துக் குளித்த காலத்தில் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்களாம். மேலே இருப்பவன் கொஞ்சம் அசந்தாலும் கீழே இருப்பவன் காலி. அக்காளின் கருகமணியை நினைத்தாவது ஒழுங்காகப் பிடிப்பான் என்று. உன் ஆறு அத்தியாயத்திலும் ஏழு பேர் கண்ணாடியை மாட்டுகிறார்கள். ஒருவன் பக்கத்திலும் ஆள் இல்லை. வெளியே நிற்பவன்தானப்பா கதையே! என் வீட்டுக்காரி தோளைத் தொட்டபோது திமிங்கிலமே தொட்டதாக நினைத்துக் கத்தினேன். உள்ளே இருப்பவன் பார்ப்பதை வெளியே இருப்பவன் செல்போனில் அப்படியே பார்க்கலாம், தெரியுமா? மச்சினன் கையில் செல்போன், முகத்தில் சிரிப்பு. "இன்னும் ரெண்டு அடி மாமா, பயப்படாம வாங்க." இதை எழுது.

இன்ஸ்பெக்டர் அவனை எப்படிப் பிடிப்பார் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2023ல் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்றில் 50,000க்கு மேற்பட்ட விளையாட்டுக்காரர்களைத் தலையும் கையும் அசைந்த விதத்தை மட்டும் வைத்து அடையாளம் கண்டார்கள். 100 விநாடி அசைவு போதும், நூற்றுக்குத் 94 பேர் சரியாக மாட்டினார்கள். மச்சினன் முன்னாலேயே ஒத்திகை பார்க்கப் பொய்ப் பெயரில் உள்ளே போயிருந்தாலும் தோள் காட்டிக்கொடுத்துவிடும். துடுப்புப் போடுகிற தோளைப் பார்த்தே வருவது யார் வத்தை என்று கரையில் கிழவிகள் சொல்வதில்லையா?

உன் மாமாவை வெள்ளிக்கிழமை பார்த்தேன். எண்பதைத் தாண்டியும் நடை குறையவில்லை. உன் வாப்பா சங்கு குளித்தபோது அவர்தானே வத்தையில் கயிறு பிடித்தார். உன் நாவலுக்காகக் கேட்டேன்: "அவர் கீழே போனதும் மேலே நீங்க என்ன செய்வீங்க மாமா?" வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எண்ணுவேன்" என்றார். எத்தனை வரைக்கும் என்றேன். "அவரு தலை தெரியுற வரைக்கும்."

மிலாதுக்கு வருவாய்தானே? வரும்போது ஏழாவது அத்தியாயத்தையும், நல்ல மூட்டுவலித் தைலம் ஒன்றையும் கொண்டுவா.

உன்
காசி