எந்தச் சைக்கிளில் செய்த சாதனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் பகுதியில் நடந்த துவிச்சக்கரவண்டி ஓட்டத்தில் பழைய சாதனை முறியடிக்கப்பட்டதாகத் தங்கள் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. வென்ற தம்பிக்கு வாழ்த்துகள். அவரில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தப் பழைய சாதனைக்காரர் எங்கள் தெருவில்தான் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். செய்தியை வாசித்துவிட்டு, "நான் ஓடினது மீன்பெட்டி கட்டுற சைக்கிள். முதல்நாள் இரவுதான் கரியரைக் கழற்றினனான்" என்று சிரித்தார். அப்போது நிலாவெளி வீதியில் சாம்பல்தீவு தாண்டினால் குழியும் மணலும்தான். இந்த முறை வென்றது கியர் வைத்த, மெல்லிய ரயர் போட்ட சைக்கிள்.

உலக அளவிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்ற சாதனையை எடுங்கள். 1972 இல் மெக்சிக்கோ நகரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஓடியது 49.431 கிலோமீற்றர். 1996 இல் கிறிஸ் போர்ட்மன் கைகளை முன்னே நீட்டி, கிட்டத்தட்டப் படுத்தபடி ஓடி 56.375 எடுத்தார். பிறகு உலகச் சைக்கிளோட்டச் சங்கம் மெர்க்ஸ் காலத்து மாதிரிச் சைக்கிளில் ஓடினால்தான் சாதனை என்றது. 2000 இல் அதே போர்ட்மன் மறுபடி ஓடினார்: 49.441. மெர்க்ஸைவிட வெறும் 10 மீற்றர் கூட! வயது ஏறியதாலும் தூரம் கொஞ்சம் குறைந்திருக்கும், சரி. அந்த ஏழு கிலோமீற்றரில் பெரும்பகுதி சைக்கிளுக்கும் அதில் இருந்த விதத்துக்கும் உரியது. (மெர்க்ஸ் ஓடியதும் ஒன்றும் கடைச் சைக்கிள் அல்ல. பாகங்களில் துளை போட்டு, ஆறு கிலோவுக்கும் கீழே இறக்கியது. இன்று பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவாவது இருக்க வேண்டும்.) 2014 இல் விதியை மறுபடி மாற்றி, இன்றைய பந்தயச் சைக்கிளுக்கு இடம் கொடுத்தார்கள். 2022 இல் பிலிப்போ கன்னா 56.792 ஓடினார்.

இதைவிட எனக்கு மனம் பொறுக்காதது கிரேம் ஒப்ரியின் கதை. சலவை இயந்திரத்துப் பெயரிங்கைப் போட்டு, தானே செய்த சைக்கிளில் 1993 இல் மெர்க்ஸையும் அவருக்குப் பிறகு சாதனை வைத்திருந்த பிரான்செஸ்கோ மோசரையும் தாண்டியவர். 1994 இல் சிசிலியில் நடந்த உலகப் போட்டியில், அவர் இருந்து ஓடும் விதம் கூடாது என்று ஓட்டத்துக்குச் சற்று முன்தான் சொன்னார்கள்; மாற்ற மறுத்தவரை விலக்கினார்கள்.

இந்தச் சித்திரை ஓட்டத்தில் என் மருமகனுக்கும் அதே கதைதான். தொடக்கக் கோட்டில் வைத்து, "கரியர் இல்லாத சைக்கிள் ஓட முடியாது" என்றார்கள். வீட்டுக்கு ஓடிப்போய், ஜாம் போத்தலில் போட்டிருந்த நட்டுகளில் இரண்டை எடுத்து ஒருமாதிரி மாட்டிக்கொண்டு வந்தான். முதலாவதாக வந்த பந்தயச் சைக்கிளிலும் ஒரு குட்டிக் கரியர் பூட்டியிருந்தது. விதிப்படி சரி!

கியர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு பிரிவு வைத்து, கரியர் விஷயத்தையும் அறிவித்தல் துண்டிலேயே அச்சடித்துவிடலாம். தாங்களும் அடுத்த சித்திரையில் முடிவுகளைப் போடும்போது, நேரத்துக்குப் பக்கத்தில் எந்தச் சைக்கிள் என்று ஒரு சொல் சேர்த்தால் கடைக்கார அண்ணனுக்குக் காட்டுவேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை